எத்தனையாம் நாள் என்று கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் பெண்நோயியல் கிளினிக் நடத்தும் வைத்தியர்களுக்கும், அவர்கள் அனுப்பும் இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து அறிக்கை எழுதும் நோயியல் வைத்தியர்களுக்கும்,

வணக்கம்.

அந்தச் சிறிய போத்தலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நானேதான். வாட்டில் அன்று ஆள் பற்றாக்குறை. கடமையில் நின்ற தாதி என்னிடம் படித்த பிள்ளை. "ரீச்சர், குறை நினைக்காதீர்கள், போகிற வழியில் இதை அங்கே கொடுத்துவிடுவீர்களா?" என்று கேட்டாள். போர்மலினில் கிடந்த துணுக்குகளைப் பார்த்தேன். ஊறவைத்த மாசித் தூள் போல இருந்தன. பத்து நிமிடத்துக்கு முன் என் கருப்பையின் உட்படையிலிருந்து உறிஞ்சி எடுத்தவை. ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்தபடி நடந்துகொண்டே, போத்தலோடு சேர்த்துக் கட்டியிருந்த படிவத்தை வாசித்தேன். எழுத்து கண்ணில் பட்டால் ஆசிரியரால் வாசிக்காமல் இருக்க முடியாது. பிழை இருந்தால் திருத்தாமலும் இருக்க முடியாது.

படிவத்தில் பிழை இருக்கவில்லை, எழுத்தே இருக்கவில்லை. என் பெயர், வயது 49, அசாதாரணக் குருதிப்போக்கு என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு கையொப்பம். கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதி என்ற கோடு வெறுமை. எடுக்கும் மருந்துகள் என்ற கோடும் வெறுமை. நான் அப்போது 3 வாரமாக நோரெதிஸ்டரோன் என்ற ஓமோன் குளிசை விழுங்கிக்கொண்டிருந்தேன். எழுதித் தந்ததும் அதே கிளினிக்தான். முன்பு செய்த சோதனைகள் என்ற கோட்டில், பேனை எழுதுகிறதா என்று யாரோ கிறுக்கிப் பார்த்திருந்தார்கள். என் கைப்பையில் சிவப்புப் பேனை இருந்தது. நானே எழுதியிருக்கலாம். வைத்தியரின் படிவத்தில் நோயாளி கைவைப்பதா என்று தயங்கி, அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். அந்தத் தயக்கத்தால் அதே கட்டிலில் இன்னொரு முறை ஏற வேண்டி வந்தது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் 26 வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சாதாரண தர வகுப்பில் மனித இனப்பெருக்கம் வரும்போது, தொடக்க காலத்தில் நானும் "அதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த அலகுக்குத் தாவியவள்தான். பிறகு வெட்கம் விட்டது. 28 நாள் வட்டத்தைக் கரும்பலகையில் கீறி, கருப்பையின் உட்படை தடித்துத் தடித்து ஏறிக் கடைசியில் சரிவதை அலை போல வரைந்து காட்டுவேன். விளங்காத பிள்ளைகளுக்கு வேலிக் கதை சொல்வேன். கிடுகு வேலியை வருடத்துக்கு ஒரு முறை பிரித்து அடைப்போம். ஈஸ்திரஜன், கிடுகை அடுக்குகிற ஆள். சூலகத்திலிருந்து சூல் வெளியேறிய பின் வருகிற புரோஜெஸ்தரோன், அடுக்கியதை வரிச்சுப் பிடித்து இறுக்கிக் கட்டுகிற ஆள். கரு தங்கவில்லை என்றால் இரண்டு பேரும் ஒன்றாக வேலையை விட்டுப் போவார்கள். பழைய வேலி முழுவதும் ஒரேயடியாகக் கழன்று விழும், நாலைந்து நாளில் இடம் துப்புரவாகும், அடுத்த அடைப்புத் தொடங்கும். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்குச் சூல் வெளியேறுவது இடையிடையே தவறும். அந்த மாதங்களில் கட்டுகிறவர் வரமாட்டார். அடுக்குகிறவர் மட்டும் பழைய கிடுகின் மேல் புதுக் கிடுகாக அடுக்கிக்கொண்டே போவார். காற்றடித்தால் இன்றைக்கு இந்த மூலை, நாளைக்கு அந்த மூலை என்று இற்றுப்போன இடமெல்லாம் துண்டு துண்டாக விழும். மாதத்தில் 20 நாள் குருதி போகிறது என்று அந்த வயதுப் பெண் சொன்னால், பல வேளைகளில் உள்ளே நடப்பது இதுதான்.

இவ்வளவும் தெரிந்தவள், தன் உடம்பில் அது நடந்தபோது 8 மாதம் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆச்சி இருந்திருந்தால் பெரும்பாடு என்று ஒரே சொல்லில் நோயைச் சொல்லியிருப்பார். அந்தச் சொல்லை நாங்கள் தொலைத்துவிட்டோம். ஒரு வட்டம் 24 முதல் 38 நாளுக்குள் வர வேண்டும், குருதி 8 நாளுக்கு மேல் போகக் கூடாது என்பது இன்று உலகம் ஏற்றுக்கொண்ட அளவு. எனக்கு இரண்டும் எப்போதோ தப்பிவிட்டன. கடும் நிறச் சேலைகளையே உடுத்தேன். நாற்காலியிலிருந்து எழும்பும் முன் திரும்பிப் பார்க்கப் பழகினேன். இரண்டு பாடவேளை சேர்ந்து வந்தால் நடுவில் ஆய்வுகூட அறைக்குள் மறைந்தேன். படியேற மூச்சு வாங்கியபோது வயது என்று நினைத்தேன். கடைசியில் காலைக் கூட்டத்தில் தலைசுற்றி விழுந்த பிறகுதான் குருதி சோதித்தார்கள். ஈமோகுளோபின் 7.6. அப்போதுகூட அதிபரிடம் இரும்புச்சத்துக் குறைவு என்று மட்டும் சொன்னேன். எதனால் குறைந்தது என்று சொல்லவில்லை.

கிளினிக்கில் ஸ்கான் செய்தார்கள். உட்படையின் தடிப்பு 14 மில்லிமீற்றர். அந்த எண்ணைச் சொன்னபோது ஸ்கான் செய்தவரின் முகத்தில் ஒரு சுளிப்பு. அந்தச் சுளிப்பை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று இரவு வைத்திருந்தேன். நான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இன்று உங்களிடம் கேட்கிறேன்: 14 மில்லிமீற்றர், ஆனால் எத்தனையாம் நாளில்? மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு, வட்டத்தின் பின்பாதியில் உட்படை அவ்வளவு தடிப்பது இயல்பாகவே நடக்கும். மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்குக் குருதி கண்டால் 4 மில்லிமீற்றருக்கு மேல் போனாலே ஆராய வேண்டும். ஒரே எண், ஆளையும் நாளையும் பொறுத்து வேறு வேறு பொருள் தருகிறது. பழைய காலத்து மருத்துவிச்சி கையைப் பிடித்த உடனே கேட்கும் முதல் கேள்வி "கடைசியாக எப்போது முழுகினாய்?" என்பதுதான். அவரிடம் ஸ்கான் இருக்கவில்லை, கேள்வி இருந்தது.

45 வயதைத் தாண்டியவளுக்கு இப்படிக் குருதி போனால் இழையம் எடுத்துப் பார்ப்பது சரியான வழி என்பதில் எனக்கு மறுப்பில்லை. எடுத்ததும் நல்ல வைத்தியர். கை நோகாமல் எடுத்தார். ஆனால் 5 வாரம் கழித்து வந்த அறிக்கையில் இருந்தது இவ்வளவே: சுரப்பிகள் சிறுத்தும் இடைக்கலங்கள் ஊதியும் இருக்கின்றன; ஓமோன் மருந்தின் விளைவாக இருக்கலாம்; மருந்து விபரம் தரப்படவில்லை; மருத்துவ விபரங்களோடு பொருத்திப் பார்க்கவும். அந்த அறிக்கையை எழுதிய நோயியல் வைத்தியரை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அவரைக் கும்பிட வேண்டும். இருட்டில் விட்டும் அவர் சரியாகவே தடவிக் கண்டுபிடித்திருந்தார். குளிசை என்ற ஒரு சொல் அந்தப் படிவத்தில் இருந்திருந்தால் அவர் "இருக்கலாம்" என்று எழுதியிருக்க மாட்டார். இன்னும் சரியாகச் சொன்னால், குளிசை எடுப்பவள் என்று நினைவு வந்திருந்தால் நீங்களே இழையம் எடுக்கும் நாளை யோசித்து வைத்திருப்பீர்கள்.

நோயியல் வைத்தியர்கள் என்னை விட நன்றாக இதை அறிவார்கள். ஆனாலும் வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பில் நாட்காட்டி போல நாளுக்கு நாள் முகம் மாறும் இழையம் இது. முன்பாதியில் சுரப்பிகள் நேர்க்குழாய்களாக நிற்கும், கலங்கள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும். சூல் வெளியேறி இரண்டு மூன்று நாளில் சுரப்பிக் கலங்களின் கருவுக்குக் கீழே சின்னஞ்சிறு புன்வெற்றிடங்கள் வரிசையாகத் தோன்றும். பிறகு குழாய்கள் நெளியும், சுரப்பு நிரம்பும், இடைக்கலங்கள் வீங்கும், ஈற்றில் எல்லாம் நொறுங்கும். நோய்ஸ், ஹேர்ட்டிக், ரொக் என்ற மூன்று அமெரிக்கர்கள் 1950இல் இதை நாள்வாரியாக எழுதிவைத்தார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்து இது இத்தனையாம் நாளின் இழையம் என்று சொல்லும் கலை அங்கிருந்து பரவியது. பார்ப்பவர் இழையத்தின் நாளைச் சொல்லிவிடுவார். ஆனால் அது பெண்ணின் நாளோடு பொருந்துகிறதா என்று சொல்ல, பெண்ணின் நாள் அவருக்குத் தெரிய வேண்டாமா? 26ஆம் நாளில் எடுத்த இழையம் இன்னும் முன்பாதியின் முகத்தோடு இருந்தால், இவளுக்குச் சூல் வெளியேறவில்லை என்ற பெரிய உண்மை அங்கே கிடைக்கிறது. திகதி எழுதாவிட்டால் அதே இழையம் வெறும் "இயல்பானது" ஆகிவிடும். மார்பகப் புற்றுக்குத் தமொக்சிஃபென் எடுப்பவள், நீரிழிவு உள்ளவள், சூலகத்தில் நீர்க்கட்டிகள் என்று முன்பே சொல்லப்பட்டவள், காசநோய்க்கு மருந்தெடுத்தவள் எல்லோருக்கும் இதே கணக்குத்தான். அந்த ஒரு சொல் போத்தலோடு சேர்ந்து போகாவிட்டால் போத்தல் பாதி ஊமை.

குளிசையை நிறுத்தி, 3 மாதம் கழித்து இரண்டாம் முறை எடுத்தார்கள். இந்த முறை சிவப்புப் பேனையால் இல்லாவிட்டாலும் நீலப் பேனையால் நானே கோடுகளை நிரப்பினேன். யாரும் ஏசவில்லை. அறிக்கை தெளிவாக வந்தது. ஆங்கிலத்தில் நாலு சொல். அதை ஒரு உறையில் மடித்துத் தந்து, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அடுத்த கிளினிக் 6 வாரத்தில். உறை ஒட்டியிருக்கவில்லை. ஒட்டாத உறையைத் திறக்காமல் 6 வாரம் வைத்திருக்கும் பெண் யாழ்ப்பாணத்தில் இருந்தால் அவளுக்குச் சிலை வைக்கலாம்.

கலங்களின் பெருக்கம், முகம் மாறிய கலங்கள், அதாவது இயல்பான வடிவம் கெட்ட கலங்கள், இல்லை என்பதுதான் அந்த நாலு சொல். விஞ்ஞான ஆசிரியையான எனக்கே 'பெருக்கம்' என்ற சொல்லைக் கண்டதும் காது அடைத்துப்போயிற்று. படம் எடுத்து ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். அவள் இணையத்தில் தேடி ஒரு அட்டவணையைக் கண்டாள். அதில் 1, 3, 8, 29 என்று நாலு எண்கள், புற்றுநோயாக மாறும் வீதம். பதற்றத்தில் அவள் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டாள். 29 வீதம். அங்கே அவள் அழ, இங்கே நான் அவளைத் தேற்ற, நடுச்சாமம் ஆயிற்று. இரண்டு நாள் கழித்துத்தான் உட்கார்ந்து ஒழுங்காக வாசித்தேன். அந்த எண்கள் 1985இல் வெளியான, 170 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வின் எண்கள். அந்தக் காலத்துப் பிரிப்பில் இந்தப் பெருக்கத்துக்கு நாலு பெயர்கள் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2014இல் நாலையும் இரண்டாக்கிவிட்டது: கலங்களின் முகம் மாறாதது, மாறியது. கேள்வி அந்த ஒன்றுதான். முகம் மாறாத பெருக்கம் புற்றாவது 20 வருடத்தில் 5 வீதத்துக்கும் குறைவு என்று 2016இல் வந்த பிரித்தானிய வழிகாட்டி சொல்கிறது. பெரும்பாலும் புரோஜெஸ்தரோன் வகை மருந்தோடு அது திரும்பி நல்ல உட்படையாகிவிடும். என் மகள் பார்த்த 29, எனக்குரிய வரியே இல்லை.

6 வாரம் கழித்து வைத்தியர் அதைச் சொல்ல எடுத்தது முக்கால் நிமிடம். நல்லவர், சிரித்தபடிதான் சொன்னார்: "பயப்பட ஒன்றும் இல்லை அம்மா, கருப்பைக்குள் ஒரு லூப் வைப்போம், அது ஓமோனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், 6 மாதத்தில் திரும்ப எடுத்துப் பார்ப்போம்." அந்த முக்கால் நிமிடத்தை உறையோடு சேர்த்துத் தந்திருந்தால் என்ன?

தமிழில் சொல்ல முடியாது, சொற்கள் இல்லை என்று சில வைத்தியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எங்கள் ஊருக்குச் சொல்லக் கூடாத பதில். 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் படித்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல், மகப்பேற்று நூல், சத்திர வைத்திய நூல் என்று தடித்த புத்தகங்களைத் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். எங்களிடம் இன்று இருக்கும் ஆய்வுகூட வசதியில் நூறில் ஒன்றுகூட அவரிடம் இருக்கவில்லை. இங்கே மருத்துவ பீடம் தொடங்கியது 1978இல். படிப்பு ஆங்கிலத்தில் நடக்கட்டும், அறிக்கையும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். வைத்தியருக்கு வைத்தியர் எழுதும் மொழி அது. நான் கேட்பது அறிக்கையின் அடியில் தமிழில் ஒரு வரி. "கலங்கள் கூடியிருக்கின்றன, முகம் மாறவில்லை, புற்றுநோய் இல்லை, மருந்து தேவை." இவ்வளவும் ஆச்சிக்கும் விளங்கும். உங்களுக்கு நேரமில்லை என்றால் என்னைப் போன்ற ஆசிரியர்கள் நாலு பேரைக் கூப்பிடுங்கள். வழக்கமாக வரும் முடிவுகள் ஒரு பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். ஒரு பின்னேரத்தில் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். தேநீர் நாங்களே கொண்டுவருவோம்.

என் கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். எழுத வைத்தது அக்காவின் கதை.

அக்காவுக்கு அப்போது 61. மாதவிடாய் நின்று 11 வருடம். நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவில், ஊரில் இருந்த வருடங்களில், அவர் தேரைத் தவறவிட்டதில்லை. அத்தான் இறந்த வருடம்கூட வெளிவீதியின் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனவர். அந்த வருடம் அவர் தேருக்கு வரவில்லை. தீர்த்தத்துக்கும் வரவில்லை. முழங்கால் நோ என்றார். நான் வீட்டுக்குப் போனபோது கொடியில் பழைய துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. எனக்கு எல்லாம் விளங்கியது. 5 மாதமாகத் துளித்துளியாகக் குருதி கண்டிருக்கிறது. துடக்கோடு கோயிலுக்குப் போகக் கூடாது என்று இருந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. "பல வருடத்துக்கு முன் கிளினிக்கில் பாப் சோதனை செய்து ஒன்றும் இல்லை என்று சொன்னார்களே" என்றார்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு முறைப்பாடு. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்காக 1996 முதல் நடக்கும் வெல் வுமன் கிளினிக்குகளால் எத்தனையோ பேர் பயன் பெற்றிருக்கிறார்கள். ஆனால் பாப் சோதனை பார்ப்பது கருப்பையின் கழுத்தை. உள்ளே இருக்கும் உட்படையை அது பார்ப்பதில்லை. வாசல் படலையைச் சோதித்துவிட்டு அறைக்குள் கள்ளன் இல்லை என்று சொல்ல முடியாது. சோதனை செய்துகொண்டு வெளியே வரும் பெண்களில் எத்தனை பேருக்கு இந்த வித்தியாசம் சொல்லப்படுகிறது? அக்காவுக்குச் சொல்லப்படவில்லை. எனக்கும்தான்.

அக்காவின் ஸ்கானில் உட்படை 9 மில்லிமீற்றர். மெல்லிய குழாயால் இழையம் எடுத்தார்கள். அறிக்கை: இழையம் போதாது. அதை அக்காவின் கையில் கொடுத்தவர் சொன்னது: "ஒன்றும் இல்லை, போகலாம்." போதாது என்பது எப்படி ஒன்றும் இல்லை ஆகும்? வகுப்பில் ஒரு பிள்ளை வெற்றுத்தாள் தந்தால் நான் நூறு புள்ளி போடுவதில்லை. மெல்லிய உட்படை உள்ள மூத்த பெண்ணுக்கு இழையம் கிடைக்காமல் போவது வழக்கம். அங்கே அந்த வெறுமைக்கு ஓரளவு ஆறுதலான பொருள் உண்டு. 9 மில்லிமீற்றர் தடிப்பு உள்ள இடத்தில் வெறுமை வந்தால் குழாய் சரியான இடத்தைத் தொடவில்லை என்றுதான் நான் நினைப்பேன். அக்கா சந்தோசமாக வீட்டுக்குப் போய்விட்டார். 2 மாதத்தில் திரும்பவும் குருதி.

பிறகு வேறோர் இடத்தில், கருப்பைக்குள் சிறு கமரா விட்டுப் பார்த்தார்கள். மூலையில் ஒரு பொலிப், உட்படையில் முளைத்த சதைக்கட்டி, சின்ன விரல் நுனியளவு. குழாய் அதைத் தொடாமலே போயிருக்கிறது. அதில் ஆச்சரியம் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் வாளி விட்டால் தண்ணீர் வரும், அடியில் விழுந்த செம்பு வராது. அதற்கு வெளிச்சம் காட்டிப் பாதாளக் கரண்டி போட வேண்டும். குழாய்க்கு முந்திய காலத்தில் மயக்கி உட்படையைச் சுரண்டும்போதும் இதுதான் நிலை. சுரண்டிய பிறகு கருப்பையை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 60 வீதமான பெண்களில் உட்படையின் பாதிகூடச் சுரண்டப்படவில்லை என்று 1975இலேயே எழுதிவிட்டார்கள். நார்க்கட்டியையும், தசைக்குள் புகுந்த உட்படையையும் இந்தத் துணுக்குகள் காட்டவே மாட்டா. 2011இல் சர்வதேச பெண்நோயியல் கூட்டமைப்பு குருதிப்போக்கின் காரணங்களை ஒன்பது வகையாகப் பிரித்தது. போத்தலுக்குள் இருக்கும் துணுக்கு அவற்றில் சிலவற்றுக்குத்தான் பதில் சொல்லும். ஆகவே "ஒன்றும் இல்லை" என்ற இரண்டு சொற்களைத் தயவுசெய்து கைவிடுங்கள். "இதில் ஒன்றும் தெரியவில்லை, திரும்பக் குருதி கண்டால் அன்றைக்கே வாருங்கள்" என்று சொல்லுங்கள்.

பொலிப்பில் இருந்தது முகம் மாறிய கலங்களின் பெருக்கம். கருப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். அக்கா மறுத்தார், ஒரு சின்னக் கட்டிக்கு ஏன் முழுக் கருப்பை என்று கேட்டார். அந்த இளம் வைத்தியர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இதே அறிக்கையோடு கருப்பை எடுத்த 289 பெண்களில் 123 பேருக்கு உள்ளே ஏற்கெனவே புற்று இருந்தது என்று, துண்டுத் தாளில் எண் எழுதி விளங்கப்படுத்தினார். நூற்றுக்கு 42க்கும் மேல். அக்கா ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். ஆனால் சீட்டுக் கணக்குப் பார்ப்பவர். நூற்றுக்கு நாற்பத்திரண்டு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கே ஒப்பமிட்டார். எடுத்த கருப்பையில் தொடக்க நிலைப் புற்று இருந்தது, உட்படையைத் தாண்டவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். போன வருடம் தேருக்கு வந்தார், கச்சான் வாங்கித் தந்தார்.

கதிரையை இழுத்துப்போட்ட அந்த வைத்தியரும் உங்களில் ஒருவர்தான். அவர் வாட்டிலும் ஆள் பற்றாக்குறைதான்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்கவில்லை. தெல்லிப்பழை என்ற ஊர்ப்பெயரை யாழ்ப்பாணத்தில் இப்போது குரல் தாழ்த்தித்தான் சொல்கிறோம். 2011இல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை பலர் நடந்து சேர்த்த பணத்தில் அங்கே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதற்கு முன் பலர் கொழும்புப் பக்கத்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருந்தது. போரில் ஏ9 பாதை மூடியிருந்த காலத்தில் அதுவும் இல்லை. வாசலுக்கு வந்த வசதியைக் கண்டு நாங்கள் பயப்படுகிறோம். மாதவிடாய் நின்ற பிறகு குருதி கண்டால் "இளமை திரும்புகிறது" என்று பகிடி விடும் பெண்களை எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம், மூன்று மாதம் அதிகமாகப் போனாலே "எடுத்து எறி, சனியன் தொலையட்டும்" என்று கருப்பையைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது போல எடுக்கச் சொல்லும் மாமிமாரும் இருக்கிறார்கள். உலகளாவிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று என் மேசையில் ஒட்டியிருக்கிறது. மாதவிடாய் நின்ற பின் குருதி கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் புற்று இல்லை. ஆனால் அந்த வயதில் உட்படைப் புற்று வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதலில் குருதி கண்டவர்கள். முதல் வரி பகிடி விடுகிறவர்களுக்குத் தெரிகிறது. இரண்டாம் வரி தெரிவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் தாய்மாருக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். தகப்பன்மார் எழும்பி வெளியே போகிறார்கள், போகட்டும்.

காலை ஏழு மணிக்குத் துண்டு எடுக்க நிற்கும் வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். ஒரு முற்பகலில் நீங்கள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்றும் வாங்கிலிருந்து எண்ணியிருக்கிறேன். அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. போத்தலின் மூடியைத் திருகும் நேரத்துக்குள் "எத்தனையாம் நாள்? என்ன குளிசை?" என்று கேட்டு எழுதிவிடுங்கள். கேட்க நேரமில்லை என்றால் படிவத்தை எங்கள் கையிலோ தாதியின் கையிலோ தாருங்கள், நாங்கள் நிரப்புகிறோம். விபரம் இல்லாமல் வரும் போத்தல்களை, நோயியல் வைத்தியர்களே, ஒரு தொலைபேசி அழைப்போடு திருப்பிக் கேளுங்கள். நீங்கள் பொறுமையாக "பொருத்திப் பார்க்கவும்" என்று எழுதும்வரை எதுவும் மாறப்போவதில்லை. மாதவிடாய் நின்றபின் குருதி கண்டு வருகிறவளை எங்கள் போன்றவர்களுக்கு முன்னால் கூப்பிடுங்கள். வரிசையில் நிற்கும் நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம். சொன்னால் நான் பதில் சொல்கிறேன், வகுப்பை அடக்கிப் பழகிய குரல்.

லூப் வைத்து 6 மாதத்தில் எடுத்த என் இழையம் நன்றாக வந்தது. ஆனால் தொடர்ந்து இரண்டு முறை நன்றாக வர வேண்டுமாம். இரண்டாவதன் முடிவுக்காக வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறேன். எந்த நாள் எத்தனை துளி என்று சமையலறைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் குறித்து வைத்திருக்கிறேன். சுவரில் மாட்டுகிற பெரிய கலண்டர், இராகுகாலமும் சுபமுகூர்த்தமும் போட்டது. சுருட்டிக் கொண்டுவருகிறேன், மேசையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி,
வலிகாமம், யாழ்ப்பாணம்.